கேட்டதை எடைபோடக் கற்றுத்தந்த நூல்

வரலாற்று நூல் என்றால் நடந்தவற்றைத் தொகுத்துச் சொல்லும் நூல் என்றே நாம் எண்ணுகிறோம். அதில் அச்சாகியிருக்கும் ஆண்டையும் எண்ணிக்கையையும் அப்படியே மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிடுகிறோம். ஆனால், எழுதப்பட்டது உண்மையில் நடந்ததுதானா என்று அறிவது எப்படி? இந்தக் கேள்வியையே தனியொரு அறிவுத்துறையாக வளர்க்க முயன்ற முஸ்லிம் அறிஞர் ஒருவரின் நூலைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். அந்த அறிஞர் இப்னு கல்தூன். நூல் முகத்திமா.

இப்னு கல்தூன் 1332இல் தூனிஸ் நகரில் பிறந்தார். இளமையிலேயே கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தார். வட ஆபிரிக்காவிலும் கிரனாடாவிலும் இருந்த அரசவைகளில் எழுத்தராக, தூதராக, அமைச்சராகப் பணியாற்றினார், சிறையிலும் இருந்தார். அரசியலில் சலிப்புற்று, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கி வாழ்ந்த காலத்தில், 1377இல், ஐந்தே மாதங்களில் முகத்திமாவின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். முகத்திமா என்றால் முன்னுரை. ‘கிதாபுல் இபர்’ என்ற அவரது பெரிய வரலாற்று நூலுக்கான முன்னுரையே அது. முன்னுரை மூலநூலைவிடப் புகழ்பெற்றுவிட்டது. பின்னர் அவர் கெய்ரோவில் மாலிகி மத்ஹபின் காழியாகக் கடமையாற்றி, 1406இல் காலமானார்.

ஆறு இலட்சம் என்ற எண்

முகத்திமாவின் தொடக்கத்திலேயே ஒரு கணக்கு வருகிறது. நபி மூஸா (அலை) அவர்களுடன் பாலைவனத்தில் இருந்த இஸ்ரவேலர்களில் ஆயுதம் ஏந்தக்கூடியோர் மட்டும் ஆறு இலட்சமும் அதற்கு மேலும் என மஸ்ஊதி முதலிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருந்தனர். இப்னு கல்தூன் இதை நிறுத்துப் பார்க்கிறார். நபி யஃகூப் (அலை) அவர்களின் குடும்பம் எகிப்துக்குள் நுழைந்தபோது எழுபது பேர். அங்கே தங்கியது ஏறத்தாழ 220 ஆண்டுகள். யஃகூப் நபிக்கும் மூஸா நபிக்கும் இடையில் நான்கு தலைமுறைகள். அதற்குள் எழுபது பேர் இப்படிப் பெருக முடியுமா?

நானும் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுபது எழுநூறாகி, ஏழாயிரமாகி, எழுபதாயிரமாகி, ஏழு இலட்சமாக வேண்டும். அதாவது ஒவ்வொரு தலைமுறையும் ஏறக்குறையப் பத்து மடங்காகப் பெருகினால்தான் அந்த எண் வரும். பிள்ளைகள் நோயிலும் பஞ்சத்திலும் இறக்கும் உலகில் அது நடக்கக்கூடியதல்ல.

இன்னொரு கேள்வியும் அவர் கேட்கிறார். அவ்வளவு பெரிய படை போர்க்களத்தில் அணிவகுத்தால் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு நீளும். ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியாது. அத்தகைய படை எப்படிப் போரிடும்? பணத்தையும் படையையும் பற்றிப் பேசும்போது மனிதர்கள் வியப்பூட்டும் எண்களை விரும்புகிறார்கள், நாவுக்கு அது எளிதாகவும் இருக்கிறது என்று காரணமும் சொல்கிறார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் நம்பகமானவரா என்று ஆராய்வார்கள். மார்க்கச் சட்டங்கள் கட்டளைகளாக இருப்பதால், அவற்றுக்கு அந்த ஆய்வு பொருத்தமானது என்கிறார் இப்னு கல்தூன். ஆனால் நிகழ்ச்சியைப் பற்றிய செய்தி அப்படியல்ல. அது நடக்கக்கூடியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நடக்கவே முடியாதது என்றால், சொன்னவர் நல்லவர் என்பதால் அது உண்மையாகிவிடாது.

சிறையில் வளர்ந்த பிள்ளை

இதை மட்டும் வாசித்தால், எதையும் நம்பாமல் இருப்பதே அறிவு என்று தோன்றக்கூடும். ஆனால் அதே நூலில் எதிர்த்திசை எச்சரிக்கையும் உண்டு. அது நமது நாட்டுக்கு வந்த ஒருவரோடு தொடர்புடையது.

நெடும் பயணம் முடித்து மொரோக்கோவின் பெஸ் நகருக்குத் திரும்பிய இப்னு பதூதா, டில்லி சுல்தானின் செல்வத்தைப் பற்றி அதிசயமான செய்திகள் சொன்னார். சுல்தான் பயணத்திலிருந்து திரும்பும் நாளில் காசுப் பைகளை எறிபொறிகளால் மக்கள் மீது வீசச் செய்வாராம். அரசவையில் இருந்தோர் அவர் பொய் சொல்வதாக முணுமுணுத்தனர். தமக்கும் அவ்வாறே தோன்றியதாக இப்னு கல்தூன் எழுதுகிறார். அதை அமைச்சர் பாரிஸ் இப்னு வத்ராரிடம் கூறியபோது, அமைச்சர் ஒரு கதை சொன்னார்.

ஓர் அமைச்சர் தம் சிறு மகனோடு சிறையில் அடைக்கப்பட்டார். பிள்ளை அங்கேயே வளர்ந்தான். ஒருநாள், தான் உண்ணும் இறைச்சி எதனுடையது என்று கேட்டான். ஆட்டினுடையது என்று சொல்லி, ஆட்டை விபரித்தார் தந்தை. அது எலி மாதிரியா என்றான் பிள்ளை. மாட்டையும் ஒட்டகத்தையும் சொன்னபோதும் அதே கேள்வி. அவன் கண்ட பிராணி எலி மட்டுமே. நீ காணவில்லை என்பதற்காக ஒன்றை மறுத்தால் அந்தப் பிள்ளையைப் போல் ஆகிவிடுவாய் என்பது அமைச்சரின் அறிவுரை.

நம் நாட்டைப் பற்றிய பக்கங்கள்

இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். புத்தளம் எனக் கருதப்படும் ஊரில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவாத மலைக்கு ஏறினார். மலையில் பிடித்து ஏறுவதற்குச் சங்கிலிகள் இருந்ததாகவும், பத்தாவது சங்கிலியின் பெயர் ஷஹாதா சங்கிலி என்றும் சொல்கிறார். கீழே பார்ப்பவர் விழுந்துவிடும் பயத்தில் கலிமா சொல்வாராம்.

இதை எப்படி எடைபோடுவது? அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே மார்க்கோ போலோவும் அம்மலையின் சங்கிலிகளைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒன்றையே சொல்லும்போது செய்தி வலுப்பெறுகிறது.

மலைப்பாதையில் ‘பறக்கும்’ அட்டை இருந்ததாகவும், அதன்மேல் பிழிய மக்கள் எலுமிச்சை வைத்திருந்ததாகவும் அவர் சொல்கிறார். அட்டை பறக்காது என்பது நமக்குத் தெரியும். ஆனால் மலைநாட்டில் நடந்தவர்களுக்கு அட்டைக்கடியும் தெரியும், தேசிக்காய் வைத்தியமும் தெரியும். எனவே ‘பறக்கும்’ என்ற சொல்லை ஒதுக்கி, மீதியை ஏற்கலாம். இலங்கையை விட்டுச் சென்றபின் கடற்கொள்ளையரிடம் உடைமைகளை இழந்த அவர், பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தே இப்னு ஜுஸை என்ற எழுத்தாளரிடம் தம் பயணக் கதையைச் சொல்லி எழுதுவித்தார். 1355இல் முடிந்த அந்நூலில் சிறு பிசகுகள் இருப்பது இயல்பே.

இப்னு கல்தூனையும் இவ்வாறே வாசிக்க வேண்டும். வெப்ப நாட்டு மக்களின் குணத்தைக் காலநிலையோடு முடிச்சுப்போட்டு அவர் எழுதியவை இன்று ஏற்கத்தக்கவை அல்ல. அவரது அளவுகோலால் அவரையும் அளப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பேன்.

நமக்கு இது ஏன் வேண்டும்?

2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவோடு மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற கதை பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுப்பொருள் மட்டுமே என அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டியது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகில் உண்டா என்று அன்று கூடியவர்கள் கேட்டிருந்தால் போதும். அது இப்னு கல்தூன் கேட்ட அதே கேள்விதான்.

பாதிக்கப்பட்டவர்கள் நாம் என்பதால் இந்தப் பாடம் மற்றவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக்கூடாது. பிற சமூகத்தாரைப் பற்றி நமது வட்ஸ்அப் குழுக்களில் வருபவற்றை நாம் விசாரித்தா அனுப்புகிறோம்? ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறும், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட வேண்டாம் என்றும் ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குப் போதிக்கிறது.

ஆகவே தோழியரே, நூலகத்தில் ஒரு வரலாற்று நூலையோ கலைக்களஞ்சியத்தையோ எடுக்கும்போது, விடையைப் பிரதிபண்ணும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவர் கண்டாரா, கேட்டாரா? எத்தனை ஆண்டுகள் கழித்து எழுதினார்? யாரை மகிழ்விக்க எழுதினார்? சொல்லும் எண் நடக்கக்கூடியதா? வேறொருவர் தனியாக அதைச் சொல்லியிருக்கிறாரா? பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை இப்படிக் கேள்வி கேட்டால் அதை எதிர்த்துப் பேசுவதாக எண்ணி அடக்கிவிடாதீர்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டாலும், நூலை எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம் என்று சொன்னாலே போதும்.