உங்களுக்குத் தெரியுமா? ஒற்றியூரில் இருக்கிறான் காவியத் தலைவன்

பெருங்காப்பியம் என்றால் தனக்கு நிகரில்லாத தலைவன் ஒருவன் அதில் இருக்க வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். அப்படிப்பட்டவனைத் தேடி அயோத்திக்கும் அஸ்தினாபுரத்துக்கும் போவானேன்? திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கித் தியாகராசர் கோயிலுக்குள் நுழையுங்கள்.

அந்தக் கோயிலில் உள்ள ஒரு வடமொழிக் கல்வெட்டு, கேரளத்திலிருந்து வந்த வல்லபன் என்பவரின் கதையைச் சொல்கிறது. சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற துணையாக இருந்தவர் அவர். 949-இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானை மீதிருந்தபடியே மாண்டான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பின்னால் வந்தவர்கள் அவனைக் குறிப்பிட்டார்கள். அந்த வேளையில் வல்லபன் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சாகாமல் போனோமே என்ற நாணம் அவரை அரித்தது. கங்கையில் நீராடினார், துறவு பூண்டார், ஒற்றியூருக்கு வந்து சேர்ந்தார். சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு இங்கிருந்த மடத்துக்குத் தலைவரானார்.

அந்தக் கல்வெட்டில் குறித்திருக்கும் ஆட்சியாண்டு யாருடையது தெரியுமா? தக்கோலத்தில் வென்ற இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுடையது. தொண்டை மண்டலம் அப்போது அவன் கையில் இருந்தது. நண்பனைப் பறித்த பகைவனின் ஆண்டைச் சொல்லித்தான் நண்பனுக்கான துயரத்தைப் பதிக்க முடிந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கிரேக்கக் காவியமான இலியத்தின் அக்கிலீசுக்கும் இதே காயம்தான். அரசனோடு மனக்கசப்பு கொண்டு போருக்குப் போகாமல் கூடாரத்தில் இருந்துவிட்டான். அவனுடைய கவசத்தை அணிந்துபோன நண்பன் பத்ரோக்ளசு களத்தில் விழுந்தான். அக்கிலீசு ஆயுதம் எடுத்துப் பழி தீர்த்தான். நம் ஒற்றியூர்க்காரரோ ஆயுதத்தைக் கீழே வைத்தார். என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் கடினம்.

தோற்றவனையும் தலைவனாக்கியது தமிழ்க் கவிதை. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான்; சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் பட்டான். முதுகில் காயத்தோடு உயிர் வாழ நாணி, வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர் விட்டான். இருவரில் நல்லவன் அந்தச் சேரன் அல்லவா என்று வென்ற கரிகாலனிடமே பாடிக் கேட்டவர் வெண்ணிக் குயத்தியார். குயவர் குலத்துப் பெண் என்பதைப் பெயரே சொல்கிறது. இலியத் காவியமும் அக்கிலீசிடம் தோற்ற எக்தரின் ஈமச் சடங்கோடுதான் முடிகிறது.

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்கே பரணி பாடலாம் என்பது பாட்டியல் நூல்களின் கணக்கு. ஆனால் பரணிக்குப் பெயர் வைப்பது தோற்றவரைக் கொண்டு. அதனால்தான் முதற் குலோத்துங்கனைப் புகழும் செயங்கொண்டாரின் நூல் 'கலிங்கத்துப்பரணி' ஆயிற்று. அந்தப் படையை நடத்திப் போனவன் அரசனல்லன், படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான்.

வாளே எடுக்காத தலைவர்களும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடியபோது குயவரும் வண்ணாரும் மீன் பிடிப்பவரும் காவியத்துக்குள் வந்தார்கள். நம்மூர்க் கலிய நாயனார் செக்கு ஆட்டும் குலத்தவர், வசதியான எண்ணெய் வணிகர். கோயிலின் உள்ளும் புறமும் விளக்கேற்றியே செல்வமெல்லாம் கரைந்தது. கூலிக்குச் செக்காட்டினார். அதுவும் கிடைக்காமல் போனது. அகல்கள் வரிசையாக இருக்கின்றன, திரி போட்டாயிற்று, எண்ணெய் இல்லை. உதிரத்தையே வார்ப்போம் என்று கழுத்தை அரியத் துணிந்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார் என்கிறது புராணம்.

கம்பர் ஒற்றியூரில் தங்கி இரவில் இராமாயணம் எழுதியபோது வட்டப்பாறை அம்மன் தீப்பந்தம் பிடித்தாள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையாகவே இருக்கட்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்த நூலில் என் மனம் நிற்கும் இடங்கள் இரண்டு. ஆயுதம் இழந்து நின்ற இராவணனை இராமன் கொல்லாமல், போய் மறுநாள் வரச் சொன்னது ஒன்று. கங்கையில் ஓடம் விடும் குகனை உடன்பிறந்தவனாக ஏற்றது மற்றொன்று. காசிமேட்டில் விடியற்காலை வலையோடு கரையேறும் அண்ணன்மார்களைப் பார்க்கும்போது குகன் நினைவு வராமல் போவதில்லை.

தலைவனுக்குச் சொல் தவறாமை வேண்டும். தவறினால்? சுந்தரர் இந்த ஊர்ச் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மணந்தார். கருவறையில் சத்தியம் செய்யும்போது நீர் மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். சிவனோ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்குக் கனவில் சொல்லிவிட்டார். வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவு இழுத்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. இடக்கண் காஞ்சியில் கிடைத்தது, வலக்கண் ஆரூரில். சிவனின் தோழர் என்பதால் விலக்கு இல்லை. மகிழ மரம் இன்றும் கோயிலுக்குள் இருக்கிறது. மாசித் திருவிழாவில் அதன் அடியில் அந்தச் சத்தியம் 'மகிழடி சேவை'யாக நடக்கிறது.