வெளிநாட்டுச் சட்டப் படிப்பும் பள்ளி மதிப்பெண்களும்

வெளிநாட்டுச் சட்டப் படிப்புச் சேர்க்கையில் பள்ளி மதிப்பெண்களுக்கு உள்ள மதிப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். சட்டம் முதல் பட்டமாகக் கற்பிக்கப்படுகிறதா, இரண்டாம் பட்டமாகக் கற்பிக்கப்படுகிறதா என்பதே இதைத் தீர்மானிக்கிறது. இதில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் நேரெதிரானவை.

இங்கிலாந்து

இங்கு எல்எல்பி பொதுவாக மூன்றாண்டு இளநிலைப் பட்டம் ஆகும். பள்ளிப் படிப்பை முடிப்பவர்கள் யூகாஸ் என்னும் பொதுச் சேர்க்கை அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கின்றனர். ஏ லெவல் தேர்வின் தரமோ அதற்கு இணையான பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணோ முதன்மைத் தகுதியாகும். தேர்வு முடிவுக்கு முன்பே இடம் வழங்கப்பட்டாலும், குறிப்பிட்ட தரத்தைப் பெற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்கள் எல்நாட் தேர்வையும் கேட்கின்றன. அதில் 42 கொள்குறி வினாக்களும் ஒரு கட்டுரையும் உண்டு.

அமெரிக்கா

இங்கு ஜேடி என்னும் சட்டப் பட்டத்தில் சேர, பொதுவாக முன்னரே ஓர் இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். கல்லூரி மதிப்பெண்களும், 120 முதல் 180 வரை மதிப்பிடப்படும் எல்சாட் தேர்வும் முக்கியமானவை. பள்ளி மதிப்பெண்கள் பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. ஆனால் அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர் அப்போதே கல்லூரிப் பாடம் படித்திருந்தால், அந்த மதிப்பெண் கல்லூரிச் சராசரியில் சேரும்.

குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள்

பள்ளியில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் வேறொரு துறையில் நல்ல தரத்துடன் பட்டம் பெற்று, அமெரிக்காவில் சட்டம் படிக்க விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்திலும் சில பல்கலைக்கழகங்கள் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு எல்எல்பி நடத்துகின்றன. அதற்கு முதல் பட்டத்தின் தரமே முதன்மையாகப் பார்க்கப்படுகிறது.