கடலில் ஓர் ஆள்மாறாட்டம்

1942 மே 7, காலை. ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக் கடலின் மேல் சுற்றிக்கொண்டிருந்த ஜப்பானிய வேவு விமானம், கீழே ஒரு விமானந்தாங்கிக் கப்பலும் துணைக்கு ஒரு க்ரூசரும் போவதாகச் செய்தி அனுப்பியது. உடனே ‘ஷோகாகு’, ‘ஜுய்காகு’ என்ற இரு விமானந்தாங்கிகளிலிருந்து 78 விமானங்கள் கிளம்பின. போய்ப் பார்த்தால் விமானந்தாங்கியும் இல்லை, க்ரூசரும் இல்லை. இருந்தவை ‘நியோஷோ’ என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பலும், காவலுக்கு வந்த ‘சிம்ஸ்’ என்ற நாசகாரிக் கப்பலும்தான். விமானிகள் நம்பவில்லை. பெரிய மீன் பக்கத்தில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று இரண்டு மணி நேரம் தேடினார்கள்.

வேவு பார்த்தவரை ரொம்பவும் குறை சொல்ல முடியாது. நியோஷோவின் நீளம் 553 அடி. உயரத்திலிருந்து பார்த்தால் நீண்ட, தட்டையான தளம். நியூ ஜெர்சி மாநிலத்தின் கேர்னி கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 1939 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. அதன் தொட்டிகளில் 1,46,000 பீப்பாய் எண்ணெய் பிடிக்கும். லிட்டரில் சுமார் 2 கோடியே 32 லட்சம். நம் சாலைகளில் ஓடும் 20,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் அதை ஏற்றினால் 1,160 லாரி வேண்டும்.

கொள்ளளவைவிட முக்கியம் அதன் வேகம். அதற்கு முந்தைய கடற்படை எண்ணெய்க் கப்பல்கள் மெதுவாகத்தான் நகரும். போர்க்கப்பல்கள் அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். நியோஷோவும் அதன் சகோதரிக் கப்பல்களான ‘சிமரான்’, ‘பிளாட்’ ஆகியவையும் 18 நாட், அதாவது மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் ஓடின. எண்ணெய் வியாபாரத்துக்கு இவ்வளவு வேகம் தேவையில்லை. நாளை போர் வந்தால் கடற்படைக்கு உதவும் என்று கூடுதல் எஞ்சின் சக்திக்கான செலவை அரசு ஏற்றுக்கொண்டது.

போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்குத் திரும்பி எண்ணெய் நிரப்பினால் ஆகாதா? பசிபிக்கில் ஆகாது. தூரம் ஆயிரக்கணக்கான மைல். அதோடு கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எஞ்சினின் உழைப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். சண்டையில் முழு வேகத்தில் ஓடும் நாசகாரிக் கப்பல் சில நாட்களிலேயே தொட்டியின் அடியைப் பார்த்துவிடும். ஆகவே ஓடிக்கொண்டே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கடற்படை இந்த வித்தையைப் பழகியது முதல் உலகப் போரில். 1917 மே மாதம் கிரீன்லாந்துக்குத் தெற்கே, ஐரோப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாசகாரிக் கப்பல்களுக்கு ‘மாமி’ என்ற எண்ணெய்க் கப்பல் நடுக்கடலில் எண்ணெய் கொடுத்தது. அதற்கான ஏற்பாட்டை வகுத்தவர்களில் ஒருவர் அந்தக் கப்பலில் இருந்த செஸ்டர் நிமிட்ஸ். பின்னாளில் பசிபிக் கடற்படை முழுவதற்கும் தளபதியானவர் அவர்தான். (கப்பலின் பெயர் நம் காதுக்கு உறவுமுறையாகக் கேட்பது தற்செயல், அது ஓஹியோவில் ஓடும் ஓர் ஆறு.)

வேலை நடக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எண்ணெய்க் கப்பல் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். எண்ணெய் வாங்க வரும் கப்பல் பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவே இருபது, இருபத்தைந்து மீட்டர்தான் இடைவெளி. முதலில் ஒரு மெல்லிய கயிறு தாண்டிப் போகும். அதன் நுனியில் கட்டிய தடித்த கயிறு அடுத்து. கடைசியில் ரப்பர் குழாய். பளுதூக்கிக் கையிலிருந்து தொட்டில் போன்ற தாங்கிகளில் குழாய் தொங்கும். அலையில் கப்பல்கள் விலகினால் கயிற்றை விடுவார்கள், நெருங்கினால் இழுப்பார்கள். பிடி தப்பினால் குழாய் அறுந்து தளமெல்லாம் கறுப்பு எண்ணெய்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு கப்பல்களுக்கும் நடுவே நெருக்கப்படும் தண்ணீர் வேகமாக ஓடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அதனால் கப்பல்கள் ஒன்றையொன்று இழுக்கப் பார்க்கும். சுக்கான் பிடிப்பவர் ஒரு நொடி அசந்தால் மோதல்தான். கப்பலிலேயே கைதேர்ந்தவரை அந்த நேரத்தில் சுக்கானில் நிறுத்துவது இதனால்தான். எதிரி நீர்மூழ்கிக்கும் இதைவிட வசதியான தருணம் கிடைக்காது: குழாயால் பிணைத்த இரண்டு கப்பல்கள், வளைந்து நெளிய முடியாமல், நேர்கோட்டில்.

நியோஷோவுக்குப் போர் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1941 டிசம்பர் 7 அன்று அது பெர்ல் துறைமுகத்தில் ஃபோர்ட் தீவை ஒட்டி நின்றது. விமானங்களுக்கான உயர்ரக பெட்ரோலை இறக்க வந்திருந்தது. முன்னும் பின்னும் போர்க்கப்பல்கள். பெட்ரோல் தொட்டி நிறைந்திருந்தால் ஆபத்து. காலியாகி உள்ளே ஆவி தங்கியிருந்தால் அதைவிட ஆபத்து. ஜப்பானிய விமானங்களின் குண்டுகள் விழத் தொடங்கியதும் கேப்டன் ஜான் ஃபிலிப்ஸ், கட்டிய கயிறுகளை வெட்டச் சொல்லி, இழுவைப் படகின் உதவி இல்லாமல் கப்பலைப் பின்னோக்கி எடுத்து வெளியே கொண்டுபோனார். சுற்றிலும் எரிந்துகொண்டிருந்த போர்க்கப்பல்களின் நடுவே ஒரு குண்டு இதன் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று ஜப்பானிய விமானிகளின் கண் முழுக்கப் போர்க்கப்பல்கள் மேல்தான். துறைமுகத்துக்கு மேலே வரிசையாக நின்ற கிடங்குத் தொட்டிகளில் 45 லட்சம் பீப்பாய் எண்ணெய் இருந்தது. அதையும் தொடாமல் போனார்கள். இத்தனைக்கும் அவர்கள் அங்கே வந்து சேர்ந்ததே, கூட வந்த ஏழு எண்ணெய்க் கப்பல்கள் வட பசிபிக்கின் குளிரில் ஊட்டிய எண்ணெயால்தான்.

அதே ஷோகாகுவும் ஜுய்காகுவும் 1942 ஏப்ரலில் இலங்கைக்கு வந்த படையிலும் இருந்தன. கொழும்பு, திருகோணமலைத் தாக்குதல்கள் பழைய தலைமுறைக்கு மறக்காதவை. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் ‘ஹெர்ம்ஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியதை எல்லாரும் எழுதுகிறார்கள். அதே நாளில், அதே கடற்பரப்பில், ‘அதெல்ஸ்டேன்’, ‘பிரிட்டிஷ் சார்ஜென்ட்’ என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின. அவற்றுக்கு அடிக்குறிப்பில்தான் இடம்.

அடுத்த மாதம் பவளக் கடல். மே 6 அன்று ‘யார்க்டவுன்’ விமானந்தாங்கிக்கும் ‘அஸ்டோரியா’ க்ரூசருக்கும் எண்ணெய் கொடுத்த நியோஷோவை, சண்டை நடக்கும் இடத்தில் வேண்டாம், பத்திரமாக இருக்கட்டும் என்று தெற்கே அனுப்பினார்கள். அந்தப் பத்திரமான இடத்தில்தான் வேவு விமானம் அதைக் கண்டுபிடித்தது.

தேடிக் களைத்த டார்பிடோ விமானங்கள் திரும்பிவிட்டன. குண்டு போடும் 36 விமானங்கள் மட்டும், வந்ததற்கு இதையாவது அடிப்போம் என்று, நண்பகலை ஒட்டி இறங்கின. சிம்ஸ் மூன்று குண்டில் உடைந்து சில நிமிடங்களில் மூழ்கியது. நியோஷோ மீது ஏழு குண்டுகள் நேராக விழுந்தன. அடிபட்ட விமானம் ஒன்றும் தளத்தின் மேல் வந்து மோதியது.

கொதிகலன் அறைப் பகுதியில் ஆஸ்கர் பீட்டர்சன் என்ற மூத்த கொதிகலன் பணியாளர் இருந்தார். நீராவிக் குழாய்களின் வால்வுகளை மூடாவிட்டால் கொதிக்கும் ஆவி உள்ளே இருப்பவர்களை வேகவைத்துவிடும். அவர் ஏற்கெனவே காயப்பட்டிருந்தார். உதவிக்கு ஆளில்லை. தனியாகவே போய் மூடினார். அதில் பட்ட தீப்புண்களால் இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. விழா எடுத்து அதை அவர் மகனிடம் முறைப்படி ஒப்படைத்ததோ 2010-இல்தான்.

கப்பலை விட்டிறங்கத் தயாராக இருக்கும்படி கேப்டன் சொன்னதை, இறங்கு என்றே எடுத்துக்கொண்டு பலர் கடலில் குதித்தார்கள். கப்பலோ மூழ்கவில்லை. எண்ணெய்க் கப்பலின் வயிறு தனித்தனி அறைகளால் ஆனது. எண்ணெய் கொடுத்துத் தீர்ந்த அறைகளில் காற்று. எண்ணெயும் தண்ணீரைவிட இலேசு. டார்பிடோ அடித்து அடிப்பக்கம் கிழிந்திருந்தால் கதை வேறு. ஒரு பக்கமாகச் சாய்ந்து, எஞ்சின் செத்து, நான்கு நாள் மிதந்தது. இருப்பிடத்தைக் கணித்ததில் பிழை நேர்ந்ததால் தேடிய கப்பல்கள் வேறெங்கோ தேடின. மே 11 அன்று ‘ஹென்லி’ என்ற நாசகாரிக் கப்பல் இரு கப்பல்களையும் சேர்ந்த 123 பேரை மீட்டு, நியோஷோவைத் தானே சுட்டு மூழ்கடித்தது. தெப்பங்களில் மிதந்துபோன 68 பேரில் நால்வர் மட்டும் மே 16 அன்று உயிரோடு கிடைத்தார்கள். அவர்களிலும் இருவர் பிறகு இறந்துபோனார்கள்.

ஆளை மாற்றி அடித்ததற்கு ஜப்பானியர் கொடுத்த விலை பெரிது. இங்கே அவர்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தை ஒட்டி, அமெரிக்க விமானங்கள் அவர்களின் ‘ஷோஹோ’ விமானந்தாங்கியை மூழ்கடித்தன. ஆனால் அடித்தது வீண் என்று சொல்வதும் சரியில்லை. நியோஷோ போன பிறகு அமெரிக்கப் படை எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியிருந்தது. ஏமாந்து திரும்பிய அந்த விமானிகளிடம், இன்று நீங்கள் அடித்தது உருப்படியான இலக்குதான் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டரை ஆண்டு கழித்து இன்னொன்றும் நடந்தது. 1944 நவம்பர் 20, பசிபிக்கின் உலிதி தீவுக் குடா. ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டிப்போய் மோதும் ‘கைட்டன்’ டார்பிடோக்களை ஜப்பான் முதன்முறையாகக் களமிறக்கியது. விமானந்தாங்கிகளையும் பெரிய போர்க்கப்பல்களையும் குறிவைத்து உருவாக்கிய ஆயுதம் அது. குடாவில் அமெரிக்கர்களின் அத்தகைய கப்பல்கள் நிறையவே நின்றன. ஆனால் மூழ்கியது ‘மிஸ்ஸிஸினீவா’ என்ற எண்ணெய்க் கப்பல். 63 பேர் இறந்தார்கள். 2001-இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு ஒரு புயலுக்குப் பிறகு துருப்பிடித்த தொட்டிகளிலிருந்து எண்ணெய் கசிந்து தீவுக்காரர்கள் மீன்பிடிக்கும் குடாவில் பரவியது. 2003-இல் அமெரிக்கக் கடற்படை வந்து தொட்டிகளில் துளையிட்டு, அறுபது ஆண்டு நெருங்கிய அந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்தது. வந்தது சுமார் 68 லட்சம் லிட்டர்.