உங்களுக்குத் தெரியுமா? பளிங்குத் தண்ணீரிலும் மீன் சாகும்!

சென்னை கொளத்தூர் கடைகளில் தொட்டியும் மீனும் ஒன்றாக வாங்கி, அன்று மாலையே மீனை விட்டுவிடுவது பலரின் வழக்கம். சில நாளில் மீன் செத்து மிதக்கும்; பழி கடைக்காரர் மேல்! பெரும்பாலும் குற்றவாளி அம்மோனியாதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் இந்த நஞ்சுக்கு நிறமில்லை. ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கிய பிறகுதான் ஆபத்து குறையும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

இவற்றின் குடியிருப்பு, ஃபில்டர் பஞ்சும் அடியிலுள்ள கூழாங்கற்களும். பழுப்பேறி வழவழவென்றிருக்கும் பஞ்சைக் குழாயடியில் வைத்து அலசினால் போச்சு. குளோரின் கலந்த தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தெடுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும் (புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தை மறக்க வேண்டாம்). தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்துக் கழுவுவது வீண்வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட.

ஃபைட்டர் மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். அதனால்தான் சின்ன ஜாடியிலும் கொஞ்சகாலம் தாக்குப்பிடிக்கிறது. அம்மோனியா அதையும் விட்டுவைக்காது.