கை சில்லிட்டால் குழந்தைக்குக் குளிர்கிறதா?

பிறந்து நான்கு நாளே ஆன குழந்தைக்குத் தாய் பாலூட்டிக்கொண்டிருக்கிறார். அருகில் அமர்ந்திருக்கும் பாட்டி குழந்தையின் விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐஸ் மாதிரி இருக்கே, இன்னொரு துணியைச் சுத்தும்மா” என்கிறார். குழந்தை ஏற்கெனவே சட்டை, இரண்டு சுற்றுத் துணி, கம்பளிக் குல்லாய், கையுறை, காலுறை ஆகியவற்றுக்குள் இருக்கிறது. பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாதென்று மின்விசிறியும் நிறுத்தப்பட்டிருக்கிறது. வெளியே சித்திரை வெயில். குழந்தையின் முகம் சிவந்து, கழுத்து மடிப்பு ஈரமாகியிருக்கிறது.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. பாட்டியின் அக்கறையில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர் தொட்டுப் பார்த்த இடம் சரியானதன்று. பிறந்த குழந்தைகளுக்குக் கை கால்களில் இரத்த ஓட்டம் முழுமையாகச் சீர்ப்படச் சிறிது காலம் ஆகும். உடல் போதிய வெதுவெதுப்புடன் இருக்கும்போதும் விரல்கள் சில்லென்று இருக்கலாம். முதல் ஓரிரு நாள்களில் உள்ளங்கையும் பாதமும் இலேசாக நீலம் பாரித்தும் காணப்படலாம். ஆகவே விரலை மட்டும் தொட்டு முடிவு செய்தல் கூடாது.

வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள்

எங்கள் செவிலியர்கள் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. முதலில் உங்கள் கைகளைக் கழுவித் துடைத்து, ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பின்னர்ப் புறங்கையால் குழந்தையின் வயிற்றையும், அடுத்துப் பாதங்களையும் தொட்டுப் பாருங்கள்.

வயிறும் பாதமும் வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை நலமாக இருக்கிறது. எதையும் மாற்ற வேண்டியதில்லை. வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால், உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளப் போராடத் தொடங்கியுள்ளது என்று கொள்ள வேண்டும். அப்போதே சூடளித்தல் நல்லது. இரண்டுமே குளிர்ந்திருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. வயிறும் மார்பும் சூடாக, முகம் சிவந்து, பிடரியும் தலைமுடியும் வியர்வையால் நனைந்திருந்தால் குழந்தைக்குப் புழுக்கம் மிகுந்துவிட்டது. வேகமாக மூச்சு வாங்குதல், அமைதியின்றி அழுதல், கழுத்திலும் மார்பிலும் வேர்க்குரு தோன்றுதல் ஆகியவையும் புழுக்கத்தால் வரக்கூடும். குறைமாதக் குழந்தைகளுக்கு வியர்க்கும் திறன் குறைவு. ஆதலால் வியர்வை இல்லையே என்று அவர்கள் விஷயத்தில் நிம்மதி கொள்ள இயலாது.

ஐயம் இருப்பின் வெப்பமானியை அக்குளில் வைத்து, கையை உடலோடு அணைத்துப் பிடித்து அளந்து பாருங்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பான அளவு. கடைகளில் கிடைக்கும் பல வெப்பமானிகள் ஃபாரன்ஹீட்டில் காட்டும். அதில் இது 97.7 முதல் 99.5 வரை.

குளிரைக் குழந்தை ஏன் தாங்குவதில்லை?

குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு மிக அதிகம். தோலுக்கடியில் கொழுப்போ குறைவு. பெரியவர்களைப் போல உடல் நடுங்கிச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளவும் அதனால் இயலாது. கழுத்து, தோள், முதுகு ஆகிய இடங்களில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்தே அது சூடு பெறுகிறது. இதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் மிகுதியாகச் செலவாகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் போதிய அளவு சேர்ந்திருப்பதில்லை.

குளிர்ந்துபோன குழந்தை சோர்ந்து, பால் உறிஞ்சும் வலுவை இழக்கிறது. பால் குறைந்தால் இரத்தச் சர்க்கரை குறைகிறது. சர்க்கரை குறைந்தால் உடல் மேலும் குளிர்கிறது. இந்தச் சுழற்சி சில மணி நேரத்திலேயே முற்றிவிடக்கூடும். அழாமல் அமைதியாகத் தூங்குகிறதே என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கையில் குழந்தை தளர்ந்துகொண்டிருக்கலாம். கிருமித்தொற்று ஏற்பட்ட பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சலுக்குப் பதிலாக உடல் குளிர்ந்துபோவதும் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தாயின் மார்பே தக்க கணப்பு

பாதம் குளிர்ந்திருந்தால், குழந்தையின் உடைகளைக் களைந்து, குல்லாயும் அரைத்துணியும் மட்டும் இருக்க, தாயின் வெற்று மார்பில் நிமிர்ந்த நிலையில் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கும் வாயும் தடையின்றி இருத்தல் வேண்டும். இடையிடையே தாய்ப்பால் கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். தாய்க்கு ஓய்வு தேவைப்படும்போது தந்தையோ பாட்டியோ இவ்வாறு அணைத்துக்கொள்ளலாம்.

கங்காரு பராமரிப்பு எனப்படும் இம்முறை 1978ஆம் ஆண்டு கொலம்பியாவின் பொகோட்டா நகரில், எட்கர் ரே சனாப்ரியா என்னும் குழந்தை மருத்துவரால் தொடங்கப்பட்டது. இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைத் தாய்மாரின் மார்பில் வைத்துக் காத்தனர். குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பிறந்தவுடனே தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது.

வெந்நீர்ப் பை, சூடாக்கிய செங்கல், கணப்புச் சட்டி ஆகியவற்றைக் குழந்தையின் அருகில் வைக்க வேண்டா. அந்த மெல்லிய தோல் மிக எளிதில் வெந்துவிடும். தொட்டிலுக்கு மேல் குண்டு விளக்கைத் தொங்க விடுவதும் அத்தகைய ஆபத்தே.

எத்தனை துணி போதும்?

அதே அறையில் உங்களுக்கு வசதியாக இருக்கும் உடையைவிட ஓர் அடுக்குக் கூடுதலாகக் குழந்தைக்குப் போதும். கோடையில் மெல்லிய பருத்திச் சட்டையும் அரைத்துணியும் போதுமானவை. மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓட விடலாம். காற்று நேராகக் குழந்தையின் மேல் வீசாதிருந்தால் சரி. கார்த்திகை, மார்கழி இரவுகளில் மெல்லிய அடுக்குகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். தடித்த ஒரே கம்பளியைவிட இரண்டு மெல்லிய துணிகள் மேலானவை. தேவைக்கேற்ப ஒன்றை எடுத்துவிடலாம்.

நிறைமாதக் குழந்தை வீட்டுக்குள் உறங்கும்போது குல்லாய் தேவையில்லை. அது முகத்தில் சரிந்து மூச்சை அடைக்கலாம். மிகுந்த சூடு உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கான காரணங்களுள் ஒன்றாகவும் கருதப்படுகிறது. குழந்தையை எப்போதும் மல்லாத்தியே உறங்க வையுங்கள். எடை குறைந்த குழந்தைகளுக்குக் குல்லாய் எவ்வளவு நாள் வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

குழந்தை மிக விரைவாகக் குளிர்வது குளியலின் போதுதான். பிறந்து 24 மணி நேரமாவது குளிப்பாட்டாமல் இருத்தல் நன்று. பிறகும் கதவை மூடி, மின்விசிறியை நிறுத்தி, இளஞ்சூட்டு நீரை முழங்கையால் சோதித்து, சுருக்கமாகக் குளிப்பாட்டுங்கள். உடனே தலையை முதலில் துவட்டுங்கள். ஈரத்துணியில் ஒரு நிமிடமும் விட வேண்டா.

எப்போது விரைந்து வர வேண்டும்?

வயிறும் பாதமும் குளிர்ந்திருந்தாலோ, வெப்பம் 35.5 டிகிரிக்குக் கீழ், அதாவது 95.9 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ் இறங்கினாலோ, மார்போடு அணைத்து ஒரு மணி நேரமாகியும் 36.5ஐ எட்டாவிட்டாலோ உடனே வாருங்கள். வழியிலும் குழந்தை உங்கள் மார்பிலேயே இருக்கட்டும்.

வெப்பம் 37.5க்கு மேல் இருந்தால் கூடுதல் துணிகளை நீக்கி, பால் கொடுத்து, அரை மணி நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். குறையாவிட்டால் வாருங்கள். 38 டிகிரியை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காத்திருக்கவே வேண்டா. பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் விழிக்காத சோர்வு, மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவை தோன்றினால் வெப்பமானி எதைக் காட்டினாலும் தாமதியாதீர்கள்.

வீட்டில் கருத்து வேறுபாடு எழும்போது, பாட்டியும் தாயும் சேர்ந்து புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வீடு திரும்பும் நாளுக்கு முன்பே இதைச் செய்து பழக விரும்பினால் எங்கள் செவிலியரிடம் கேளுங்கள்; உங்கள் குழந்தையின் படுக்கையருகிலேயே கற்றுத்தருவோம்.