பேரே இல்லாத வாளுக்கு 50 கோடி யென்! பழைய ஜப்பானிய வாளை எடைபோடுவது எப்படி?

2020-ல் ஜப்பானின் ஒகயாமா மாகாணத்தில் உள்ள செட்டோஉச்சி என்ற சின்ன நகரம் ஒரு வாள் வாங்கியது. விலை சுமார் 50 கோடி யென். அன்றைய மதிப்பில் நம்மூர்ப் பணத்துக்கு 30 கோடி ரூபாய்க்கும் மேல். இந்தப் பணத்துக்காக நாடெங்கும் நன்கொடை திரட்டினார்கள்.

அந்த வாளின் பெயர் சஞ்சோமோ. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புகழ்பெற்ற போர்த்தலைவர் உவேசுகி கென்ஷின் குடும்பத்தில் இருந்தது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். ஆனால், செய்த கொல்லரின் கையெழுத்து அதில் எங்குமே கிடையாது!

அப்புறம் எப்படி அது பிசென் பகுதியின் இச்சிமொன்ஜி கொல்லர்கள் செய்தது என்று சொல்கிறார்கள்? அதற்குத்தான் 'கான்தெய்' என்ற கலை இருக்கிறது. வாளைப் பார்த்தே அதன் காலம், ஊர், கொல்லர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கான்தெய்.

முதலில் எதைப் பார்க்கணும்?

வடிவத்தை. வாளை நேராக நிமிர்த்திப் பிடித்து, அதன் கோட்டை மட்டும் பார்ப்பார்கள். குதிரை மேலிருந்து சண்டை போட்ட காலத்து வாள், கைப்பிடிக்கு அருகிலேயே நன்றாக வளையும். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாள்கள் மிக நீளமாகவும் அகலமாகவும் ஆயின. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் வளைவு குறைந்து, கிட்டத்தட்ட நேராகவே தெரியும். ஆக, வடிவம் பிடிபட்டால் காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

அடுத்து?

இரும்பின் தோல். உருக்கை மடித்து மடித்து அடிப்பதால், மரப்பலகையில் தெரிவது போன்ற ரேகைகள் வரும். இதற்கு 'ஹாதா' என்று பெயர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. யாமாஷிரோ, யாமாதோ, பிசென், சோஷு, மினோ என ஐந்து பெரிய மரபுகளாக இதைப் பிரிக்கிறார்கள்.

பிறகு 'ஹாமோன்'. வாளின் விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஓடும் கோலம் அது. வாளுக்குக் களிமண் பூசி, முதுகில் தடிமனாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் விட்டு, நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் இறக்குவார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கெட்டியாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும். இரண்டும் சந்திக்கும் இடம்தான் ஹாமோன். விளக்குக்கு எதிரே வாளைச் சாய்த்துப் பிடித்தால், சில வாள்களில் அது நட்சத்திரப் பொடி மாதிரி மின்னும். சிலவற்றில் பனிமூட்டம் மாதிரி படர்ந்திருக்கும். இச்சிமொன்ஜி கொல்லர்களின் அடையாளமே, வரிசையாக அடுக்கிய கிராம்பு மொட்டு போன்ற கோலம்தான். அமிலம் ஊற்றி வரைந்த போலியில் இந்த மின்னல் வராது, வெறும் வெள்ளைக் கோடாகத்தான் இருக்கும்.

கையெழுத்தே போதாதா?

ஜப்பானிய மொழியில் வாளின் கையெழுத்தை 'மெய்' என்பார்கள். ஆனால் அது எப்போதும் மெய்யாக இருக்காது!

பெரிய கொல்லர் பெயரை யார் வேண்டுமானாலும் உளியால் செதுக்கிவிடலாம். நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டும் இருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டின் கொதெட்சு என்ற கொல்லர் பெயரில் உலவும் போலிகள் எக்கச்சக்கம். அவர் பெயரைப் பார்த்தாலே முதலில் சந்தேகப்படு என்பதுதான் பாடம்.

இன்னொரு பக்கம், அசல் வாளில் பெயரே இருக்காது. நீளமான பழைய வாள்களைப் பிற்காலத்தில் கைப்பிடிப் பக்கமிருந்து வெட்டிச் சுருக்கினார்கள். அதில் கையெழுத்தும் போயே போச்சு. ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற கொல்லரான மசாமுனே கையெழுத்துப் போட்டது என்று ஏற்கப்பட்டவை வெகு சிலதான். அதனால்தான் நிபுணர்கள் கையெழுத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள். வாளும் பெயரும் ஒத்துப்போனால்தான் பெயரை நம்புவார்கள்.

துருவைத் துடைச்சிடலாமா?

கூடவே கூடாது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான்.

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியை 'நாகாகோ' என்பார்கள். அதில் படிந்த கருந்துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி. கையெழுத்தின் பள்ளத்துக்குள்ளும் அதே துரு இருக்கிறதா, இல்லை புது உளி பழைய துருவைக் கிழித்திருக்கிறதா என்று பார்த்தே பல போலிகளைப் பிடிக்கிறார்கள். உப்புக் காகிதத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். வாளின் மதிப்பும் சரிந்துவிடும்.

மேல்பகுதியையும் வீட்டில் தேய்க்கக் கூடாது. அதற்கெனப் பல ஆண்டு பயிற்சி பெற்ற மெருகுக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொட்டாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பு குறையத்தான் செய்யும். விளிம்பில் குறுக்காக மயிரிழை விரிசல் இருந்தால், எந்த மெருகும் காப்பாற்றாது.

சான்றிதழ் இருந்தா போதுமா?

எந்தச் சான்றிதழ் என்பதுதான் கேள்வி. ஜப்பானில் வாள் வைத்திருக்கப் பதிவுச் சீட்டு கட்டாயம். நீளம், கையெழுத்து போன்ற விவரங்கள் அதில் இருக்கும். ஆனால், 'இந்தக் கையெழுத்து அசல்' என்று அது சொல்வதே இல்லை. அதைக் காட்டி 'அரசே உறுதி செய்தது' என்று யாராவது விற்றால் உஷாராகிவிடுங்கள்.

தரம் சொல்வது வேறு காகிதம். முன்பு ஹொன்னாமி குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த மதிப்பீட்டைச் செய்தது. இன்று, 1948-ல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் நான்கு படிநிலைகளில் சான்று தருகிறது.

கண்ணைப் பழக்குவது எப்படி?

அதற்கு ஒரு அருமையான விளையாட்டு இருக்கிறது. ஐந்து வாள்களின் நாகாகோவைத் துணியால் மூடி வைப்பார்கள். நீங்கள் பார்த்துவிட்டு, கொல்லர் பெயரைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பெயர் சரியென்றால் 'அதாரி'. பெயர் தவறினாலும், அதே குருவழியில் வந்த நெருங்கிய கொல்லர் என்றால் 'தோஸென்'. அதற்கும் நல்ல மதிப்பெண் உண்டு! பெயரை மனப்பாடம் செய்வதைவிட, எந்தக் கைகளில் எது பிறந்தது என்று புரிந்துகொள்வதே முக்கியம் என்பதுதான் இதன் அர்த்தம்.

சேகரிக்க ஆசையா? முதல் வாளுக்கு முன்னால், அருங்காட்சியகத்தில் நூறு வாள்களைப் பாருங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு முன் கொஞ்சம் குனிந்து, தலையை மெல்ல அசைத்துப் பார்த்தால் ஹாமோன் மினுங்கும். கீழே இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் கடைசியில் படியுங்கள்.