கட்சி ஏடும் கள்ளக் கடிதமும்

"கட்சிப் பத்திரிகைதானே! அதில் வேறென்ன இருக்கும்?"

இப்படிக் கேட்டு உதட்டைப் பிதுக்குவோர் நாட்டிலே நிரம்ப உண்டு. கட்சி ஏடு என்றால் கலப்படச் சரக்கு. கட்சி சாராத ஏடு என்றால் சுத்தமான பசு நெய். இது அவர்கள் கணக்கு. அவர்களோடு நாம் சண்டைக்குப் போகப் போவதில்லை. பாராளுமன்றத்தின் தாயகம் என்று அவர்களே போற்றுகிறார்களே இங்கிலாந்து, அங்கேயே அவர்களை அழைத்துப் போகிறோம். விக்டோரியா அரசி ஆண்ட காலம். 1837 முதல் 1901 வரை.

லண்டன் மாநகரிலே காலை நேரத்தில் ஒருவர் கையில் விரித்திருக்கும் ஏட்டைப் பார்த்தே, அவர் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 'மார்னிங் போஸ்ட்', 'ஸ்டாண்டர்டு' என்றால் கன்சர்வேட்டிவ். 'டெய்லி நியூஸ்' என்றால் லிபரல். அந்த டெய்லி நியூஸ் 1846இல் பிறந்தபோது அதன் முதல் ஆசிரியராக அமர்ந்தவர் யார் தெரியுமா? உலகம் புகழும் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்! கட்சிச் சார்பு கறை என்று அவர் கருதவில்லை.

1880இல் நடந்தது இன்னும் சுவையானது. 'பால்மால் கெசட்' என்றொரு மாலை ஏடு. அதன் உரிமையாளர் ஏட்டைத் தம் மருமகன் கையில் ஒப்படைத்தார். மருமகனோ லிபரல்! ஆசிரியர் பிரெடரிக் கிரீன்வுட் கன்சர்வேட்டிவ் பக்கம் நின்றவர். உரிமையாளர் மாறினால் உள்ளமும் மாறிவிடுமா? நாற்காலியைத் துறந்து வெளியேறினார் கிரீன்வுட். அதே ஆண்டில் 'செயின்ட் ஜேம்ஸ் கெசட்' என்ற புதிய ஏட்டைத் தொடங்கித் தம் கொள்கையை அதிலே எழுதினார். பழைய நாற்காலியில் லிபரலான ஜான் மார்லி வந்து அமர்ந்தார். அவரவர் கொடி அவரவர் கையில்! ஒளிவு இல்லை, மறைவு இல்லை.

இந்த ஏடுகள் ஏழையின் கைக்கு எளிதாக வந்தனவா? இல்லை. படித்தால் கேட்பான், கேட்டால் கிளர்ந்தெழுவான் என்று அஞ்சிய ஆட்சி, 1815இல் ஏட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் 4 பென்ஸ் முத்திரை வரி என்று உயர்த்திற்று. அறிவுக்கு விதித்த வரி என்றே மக்கள் அதைத் தூற்றினர். 1831இல் ஹென்றி ஹெதரிங்டன் முத்திரையில்லாமலே ஒரு பென்னிக்கு ஏடு வெளியிட்டுச் சிறை புகுந்தார். தெருவில் அதை விற்றவர்களும் சிறைக்குப் போனார்கள். 1836இல் வரி ஒரு பென்னியாகக் குறைந்தது, 1855இல் ஒழிந்தது. 1861இல் காகித வரியும் தொலைந்தது. 1855இலேயே 'டெய்லி டெலிகிராப்' ஒரு பென்னிக்கு விலைபோகத் தொடங்கியது. அரசியல், மாளிகையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது!

அந்த ஏடுகளிடம் பாராட்டத்தக்க பண்பு ஒன்று இருந்தது. தலையங்கத்திலே எதிரியைக் கிழிப்பார்கள். ஆனால் எதிரி பேசிய பேச்சைச் செய்திப் பக்கத்திலே பத்தி பத்தியாக வெளியிடுவார்கள். சுருக்கெழுத்தாளர்கள் பாராளுமன்ற மாடத்திலும் பொதுக்கூட்ட மேடையருகிலும் அமர்ந்து குறித்தெடுப்பார்கள். 1879இல் மிட்லோதியன் தொகுதியில் கிளாட்ஸ்டன் சூறாவளிப் பயணம் செய்து பேசியபோது, கூட்டத்திற்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். வீட்டிலிருந்தே அந்தப் பேச்சைப் படித்தவர்களோ அதைப்போல் பன்மடங்கு. மறு ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி வென்றது. கருத்து, கட்சியின் உடைமை. செய்தி, மக்களின் உடைமை. அந்த வேலியை அவர்கள் மதித்த வரையில் மக்களும் அவர்களை மதித்தார்கள்.

வேலியைத் தாண்டியது யார்? அதுதான் வேடிக்கை! எந்தக் கட்சிக்கும் கட்டுப்பட்டவரல்லோம் என்று மார்தட்டிய 'டைம்ஸ்' ஏடு!

அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டுப் போராடிய தலைவர் பார்னல். 1882 மே 6இல் டப்ளின் நகரத்துப் பீனிக்ஸ் பூங்காவிலே, அயர்லாந்துக்குத் தலைமைச் செயலாளராக வந்திருந்த கேவண்டிஷ் பிரபுவும், பர்க் என்ற உயர் அதிகாரியும் குத்திக் கொல்லப்பட்டனர். கொலையைப் பார்னல் வெளிப்படையாகக் கண்டித்தார். ஐந்து ஆண்டுகள் உருண்டோடின. 1887 ஏப்ரல் 18. அயர்லாந்தின்மீது அடக்குமுறைச் சட்டம் ஏவும் மசோதா காமன்ஸ் சபையில் வாக்கெடுப்புக்கு வந்த நாள். அன்று காலை டைம்ஸ் ஏட்டிலே ஒரு கடிதத்தின் படம்! பர்க் சாகத்தக்கவரே என்ற பொருளில் வாசகம்; கீழே பார்னலின் கையொப்பம்! அது பச்சைப் போலி என்று அன்றிரவே சபையில் முழங்கினார் பார்னல். நம்பியவர் சிலரே.

1888இல் அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. உண்மை மெல்ல மெல்ல வெளிவந்தது. தன்னாட்சியை எதிர்த்த சங்கம் ஒன்றின் செயலாளர் ஹூஸ்டன், அந்தக் கடிதங்களை விலைக்கு வாங்கி ஏட்டினிடம் தந்திருந்தார். விற்றவர் ரிச்சர்டு பிகட். அவரும் ஒரு பழைய பத்திரிகைக்காரர்! எங்கிருந்து கிடைத்தது என்று டைம்ஸ் நிர்வாகி துருவிக் கேட்கவேயில்லை.

1889 பிப்ரவரியில் பிகட் சாட்சிக் கூண்டில் ஏறினார். பார்னல் தரப்பு வழக்கறிஞர் சர் சார்லஸ் ரஸ்ஸல் ஒரு தாளை நீட்டினார். சில சொற்களை எழுதச் சொன்னார். அவற்றில் ஒன்று, தயக்கம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். 'ஏ' வரவேண்டிய இடத்தில் 'ஈ' போட்டு எழுதினார் பிகட். கள்ளக் கடிதங்களில் ஒன்றிலும் அதே சொல், அதே பிழை! சில நாட்களில் பிகட் நாட்டை விட்டே ஓடினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதி அனுப்பினார். மார்ச் 1இல் மாட்ரிட் நகரில் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். காமன்ஸ் சபைக்குள் பார்னல் நுழைந்தபோது, முதியவர் கிளாட்ஸ்டன் உள்ளிட்ட லிபரல்கள் எழுந்து நின்று வரவேற்றனர்.

டைம்ஸ் பார்னலுக்குத் தந்தது 5,000 பவுன். விசாரணைக்கு அதற்கான செலவு சுமார் 2 லட்சம் பவுன். பணம் போனது பெரிதல்ல. பார்னல் கட்சியினர்மீது ஏடு சுமத்திய வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. மிரட்டலைத் தூண்டினார்கள் என்பது போன்ற சிலவற்றில் உண்மை உண்டு என்று 1890இல் கமிஷன் தன் அறிக்கையில் கூறவே செய்தது. யார் கேட்டார்கள்? ஒரு பொய், தன்னோடு சேர்ந்து வந்த உண்மைகளையும் ஆழக் குழியில் தள்ளி மண்மூடிவிட்டது!

இதைச் சொல்லும்போது கட்சி ஏட்டிலே எழுதும் நமக்கு மகிழ்ச்சியா? "பார்த்தீர்களா, நடுநிலையின் லட்சணத்தை!" என்று கைகொட்டலாமா? இல்லை, தோழர்களே! நமக்கு அச்சம்தான் வருகிறது. டைம்ஸ் கடிதத்தை வெளியிட்டது, அது மெய்யென்று ஆராய்ந்து அல்ல. மெய்யாக இருக்கவேண்டும் என்று விரும்பி! பிகட் விற்றது கடிதத்தை அல்ல. வாங்கியவரின் ஆசையை அவருக்கே விற்றார். அந்த ஆசை நம் நெஞ்சிலே இல்லையென்று மார்பில் கைவைத்துச் சொல்ல முடியுமா? எதிரியைப் பற்றிய இழிசெய்தி என்றால் இனிக்கிறது. இனித்தால் எவர் தந்தது என்று கேட்க நா எழுவதில்லை.

அன்று ஒரு கள்ளக் கடிதத்தின் படத்தை அச்சேற்ற ஓர் ஏடு வேண்டியிருந்தது. இன்றோ ஒரு கைபேசி போதும். பரப்புகிற ஒவ்வொருவரும் பத்திரிகை ஆசிரியரே! ஆகவே, கட்சி வண்ணம் கண்டு எவரும் கூச வேண்டாம். நம் வண்ணத்தை நாம் மறைக்கவுமில்லை. நமக்குப் பிடித்த செய்தி வரும்போதுதான் நாம் இருமுறை கேட்கவேண்டும்: தந்தவர் யார்? ஆதாரம் எங்கே?

தயக்கம் என்ற சொல்லைப் பிழையாக எழுதி அகப்பட்டார் பிகட். தயங்கவேண்டிய வேளையில் தயங்காமல் அகப்பட்டது டைம்ஸ். நாம் அந்தச் சொல்லைப் பிழையின்றிக் கற்போம்!